மூன்றாவது காரணம்

ரொறன்ரோவில் ஆனி மாதத்தில் ஒன்பது மணிக்குப் பிறகுதான் இருட்டும், அப்படி இருட்டிக் கொஞ்ச நேரமான ஒரு வெள்ளிக்கிழமை, என் நாலு மாத மகள் ஈவா பாலுக்கு அழுவதற்காக வாயைத் திறந்தாள், அழுகை வரவில்லை, நிறைகுடத்தின் விளிம்பைக் கரண்டியால் மெல்லத் தட்டினால் எழுமே அப்படி உருண்டையாய், இனிப்பாய், இரும்பின் குளிர்ச்சியோடு ஒற்றைச் சுரம் ஒன்று எழுந்து, அறையைச் சுற்றி, ஜன்னல் கண்ணாடியில் நடுங்கி, திரும்பவும் தொட்டிலுக்கே போய் அடங்கியது.

நான் வாயைப் பொத்தினேன். என்னுடையதை அல்ல, அவளுடையதை.

காரணம், அந்தச் சுரத்தை எங்கள் கட்டடத்தில் அடையாளம் தெரியாதவர் யாரும் இல்லை. சித்திரை தொடங்கி ஒவ்வொரு மாலையும் ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை கீழ்மாடி மண்டபத்திலிருந்து அது ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டாம் மாடியில் இருக்கிற மிஸ் ஓடெற்றின் குழு ஓகஸ்ட் முதல் சனிக்கிழமை நடக்கும் ஊர்வலத்துக்காக அங்கேதான் பழகும். எண்ணெய்ப் பீப்பாயின் அடியைச் சம்மட்டியால் குழித்து, குழிக்குள் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு மேடு தட்டி எடுத்த இரும்பு மேளங்கள் அவர்களுடையவை. மிஸ் ஓடெற் தொபேகோத் தீவில் பிறந்தவர், ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பது வருசம் நின்று வேலை செய்தவர், கால் வீங்கிப்போய் கதிரையில் உட்கார்ந்துதான் மேளம் தட்டுவார், ஆனால் அவர் தட்டினால் நிற்பவர்களின் கால் சும்மா இராது. அந்த மண்டபத்தில்தான் நாங்கள் பொங்கல் வைத்தோம், தவிலும் நாதஸ்வரமும் காலை ஏழு மணிக்கே தொடங்கின, யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, மிஸ் ஓடெற் இரண்டு தரம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார். அந்த மண்டபத்தில்தான் கானா நாட்டுக்காரி எஃபுவாவின் மகனுக்குப் பெயர் வைத்தார்கள், என்னையும் கூப்பிட்டார்கள், நான் போனேன். ஒரு பெரியவர் குழந்தையின் நாக்கில் ஒரு துளி தண்ணீர் தொட்டு வைத்தார், பிறகு ஒரு துளி சாராயம் தொட்டு வைத்தார், தண்ணீரைத் தண்ணீர் என்று சொல், சாராயத்தைச் சாராயம் என்று சொல் என்று எட்டு நாள் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டார். நான் கைதட்டி, சிவப்புச் சோறும் பொரித்த வாழைப்பழமும் வயிறு நிறையச் சாப்பிட்டு, ஈவாவுக்கு எஃபுவா கட்டிவிட்ட மணிக்கயிறோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள், ஞாயிறு பூசை முடிந்து வந்த கையோடு, மேளக்காரர்மேல் கட்டட ஒஃபிசுக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன்.

எழுதச் சொன்னவர் பதினோராம் மாடித் தவராசா அண்ணை. எங்கள் கட்டடத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் அவர், மகளின் அரங்கேற்றம் புரட்டாசியில் வருகிறது, பழக மண்டபம் வேண்டும், மண்டபத்தில் மேளக்காரர் இருக்கிறார்கள். சும்மா கேட்டால் மாலை நேரத்தில் பாதியைத் தந்திருப்பார்கள், ஆனால் நாங்கள் கேட்டுப் பழகாத சனம், எழுதிப் போட்டுப் பழகிய சனம். "நீர் கொன்வென்ற்றிலை படிச்சனீர், பிள்ளை," என்றார், ஒரு பெட்டி லட்டோடு வந்திருந்தார், "உம்மடை இங்கிலீசைக் கண்டாலே ஒஃபிசிலை எழும்பி நிப்பாங்கள்."

அந்தச் சொல்லில் நான் மயங்கினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். கனடா வந்து மூன்று வருசத்தில் என் இங்கிலீசை யாரும் மெச்சியதில்லை, கடைக்காரி இரண்டு தரம் "என்ன?" என்று கேட்பாள், பஸ்ஸில் நான் வாய் திறந்தால் ஆட்கள் சத்தமாகவும் மெதுவாகவும் பேசத் தொடங்குவார்கள். அன்று பேனையை எடுத்ததும் எனக்குள் வெள்ளைச் சட்டை போட்டு நீலப் பட்டி கட்டிய பிள்ளை ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிஸ்டர் பெனடிக்ரா எங்களுக்கு ஒரு விதி சொல்லித் தந்திருந்தார்: முறைப்பாட்டுக் கடிதத்தில் மூன்று காரணம் இருக்கவேண்டும், மூன்றாவதுதான் ஆகக் கனமானது, இரண்டு காரணத்தோடு நிற்கிற கடிதம் இரண்டு காலோடு நிற்கிற முக்காலி. தவராசா அண்ணை தந்தது இரண்டு. ஒன்று சத்தம், மற்றது வாகனம் நிறுத்த இடமில்லை. எழுதி முடித்தேன், தாளில் பாதி வெறுமையாக இருந்தது, வெறுமை என்னைப் பார்த்தது.

அப்போது எழுதினேன். மாலை நேரங்களில் இந்தக் குழுவைச் சேர்ந்த ஆண்கள் வாசலில் கூடி நிற்பதாலும், அவர்களில் ஒருவர் கைக்குழந்தையோடு தனியாக வந்த ஒரு தாயை மாடிப்படிகளில் ஒன்பது மாடி பின்தொடர்ந்ததாலும், தாய்மார் அச்சத்தோடு வாழ்கிறார்கள் என்று.

அந்தத் தாய் நான். பின்தொடர்ந்தவர் அக்கீம், மிஸ் ஓடெற்றின் அக்காள் மகன், பஸ் ஓட்டுகிறவர், ஊர்வலத்தில் ஆடுகிறவர்கள் முதுகில் மாட்டக் கம்பியில் இறகுச் செட்டை கட்டுகிறவர். வைகாசியில் லிஃப்ட் பழுதான நாள், பிள்ளை வண்டியோடு நான் கீழே திகைத்து நிற்க, ஒன்றும் கேட்காமல் வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கினார். முன்பக்கத்தை நான் பிடித்தேன். ஒன்பது மாடியும் அவர் எனக்குப் பின்னால்தான் வந்தார். அந்த வசனத்தில் ஒரு சொல்லைக்கூட யாரும் பொய் என்று காட்ட முடியாது, எனக்கு அதிலே பெருமையும் இருந்தது. தவராசா அண்ணை வாசித்தார், மூன்றாவது காரணத்தில் நின்றார், அதை இன்னொரு தரம் வாசித்தார், "இதுதான் எழுத்து," என்றார். கீழே 'குடியிருப்பாளர்கள்' என்று போட்டோம். பெயர் போடவில்லை.

பன்னிரண்டாம் நாள் மண்டபத்துக்குப் பூட்டு விழுந்தது. அதே நாள், அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம், இரண்டு பொலிஸ்காரர் வந்து வாசலில் அக்கீமை மறித்து, எல்லோரும் போகவர, பையைக் கவிழ்க்கச் சொன்னார்கள். கம்பி விழுந்தது, குறடு விழுந்தது, செம்மஞ்சள் இறகுகள் விழுந்து மிதந்து எல்லோருடைய சப்பாத்துக்கும் அடியில் போயின. நான் பிள்ளையோடு லிஃப்டுக்கு நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைக் கண்டார், தெரிந்த முகத்தைக் கண்ட ஆறுதலோடு சிரித்தார், இவள் சொல்வாள் என்று நினைத்திருப்பார். நான் லிஃப்டுக்கு மேலே எரிகிற மாடி எண்களைப் பார்த்தேன். ஏழு. ஆறு. ஐந்து.

அன்றிரவுதான் ஈவாவின் வாயில் அந்தச் சுரம் வந்தது.

விடியப்புறம் பாண் பேக்கரி வேலை முடிந்து வந்த என் கணவர் றெஜி, கண் செருக ஒரு தரம் கேட்டுவிட்டு, நெஞ்சிலே சளி, தைலம் தடவு என்று சொல்லிப் போய்ப் படுத்தார். எட்டு மணிக்கு எட்டாம் மாடியில் மங்களேஸ்வரி அக்கா புட்டுப் பானைக்கு மூடி போட்டார், பானை அதே குரலில், ஆனால் இரண்டு படி மேலே, பாடியது. ஆறாம் மாடியில் இடியப்ப உரல், பன்னிரண்டாம் மாடியில் தேங்காய் திருவுகிற தட்டம், நாலாம் மாடியில் ஒரு குழந்தைக்குச் சோறூட்டுகிற கிண்ணம், இப்படி மத்தியானத்துக்குள் கட்டடத்துத் தமிழ் அடுப்படி எல்லாவற்றிலும் ஏதோ ஒரு பாத்திரத்தில் ஒவ்வொரு சுரம் வந்து குடியிருந்தது. பிலிப்பைன்காரர் வீட்டில் இல்லை, போலந்துக்காரர் வீட்டில் இல்லை, எங்கள் வீடுகளில் மட்டும்.

முதல் இரண்டு நாள் சனம் பயந்தது. ஐயர் வந்து தீபம் காட்டினார், எங்கள் பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்தார், விழுந்த ஒவ்வொரு துளிக்கும் பாத்திரங்கள் பதில் சொல்ல, பாதர் தாளம் தப்பாமல் தெளிக்கத் தொடங்கி, தெரிந்ததும் வெட்கப்பட்டு நிறுத்தினார். மூன்றாம் நாள் பழகிவிட்டது. சோற்றுப் பானையின் சுரம் கனத்தால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பெண்கள் அறிந்தார்கள். யார் வீட்டில் இன்றைக்குக் குழம்பு, யார் வீட்டில் சண்டை என்று கரண்டி விழுகிற சுரத்தை வைத்தே லிஃப்டில் கதைத்தார்கள். நட்சத்திரம் கேட்பதுபோல உங்கள் வீட்டில் என்ன சுரம் என்று கேட்டார்கள், உச்சச் சுரம் வாய்த்தவர்கள் கொஞ்சம் கழுத்தை நிமிர்த்தினார்கள், ஒன்றுமே வாய்க்காத ஐந்தாம் மாடி ஜெகசோதி அன்ரி புதிதாக மூன்று சட்டி வாங்கி வரிசையாக வைத்துக் காத்திருந்தார். தவராசா அண்ணையின் வெள்ளிக் கோப்பையில் வந்தது ஆக அடித்தளத்துச் சுரம், கோப்பையைக் கீழே வைக்கும்போதெல்லாம் தரை அதிர்ந்தது, அவர் கடதாசிக் கோப்பையில் தேத்தண்ணீர் குடித்தார், கேட்டவர்களிடம் டொக்டர் சொன்னவர் என்றார்.

நானும் போகிற வருகிற இடத்தில் சிரித்தேன், எங்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை என்றேன். பிள்ளை வாயைத் திறக்கிற நேரம் பார்த்துப் பால் கொடுத்தேன். பசிக்கு முன்னமே கொடுத்தேன், நித்திரையிலும் கொடுத்தேன், தொட்டிலைச் சுற்றிப் போர்வை தொங்கவிட்டேன், குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். யாராவது அந்தச் சுரத்தைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் கடிதம் வெளியே வரும். எனக்குப் பிள்ளையைப் பற்றிய பயம் முதலிலும் கடிதத்தைப் பற்றிய பயம் பிறகும் இருந்திருக்க வேண்டும். அந்த வரிசையில் இருக்கவில்லை.

ஆடி பிறந்ததும்தான் மற்றப் பக்கத்துச் செய்தி தெரிந்தது. பிறந்தநாள் விருந்துக்காக மங்களேஸ்வரி அக்கா புட்டுப் பானையை லிஃப்டில் கொண்டு போக, லிஃப்ட் குலுங்க, பானை பாட, உள்ளே நின்ற மிஸ் ஓடெற் சுவரைப் பிடித்துக்கொண்டாராம். மண்டபம் பூட்டிய நாளிலிருந்து அவருடைய மேளங்கள் ஊமை. வீட்டு விறாந்தையில் அடுக்கி வைத்துத் தட்டிப் பார்க்கிறார்கள், நனைந்த பலகைக் கதவைத் தட்டுகிற சத்தம்தான் வருகிறது, சுரம் கூட்டுகிற ஆள் வந்து சம்மட்டியால் பார்த்துவிட்டு, இதில் ஒரு பிழையும் இல்லை, உள்ளே ஆள்தான் இல்லை என்று சொல்லிப் போய்விட்டான். ஊர்வலத்துக்கு மூன்று கிழமை இருந்தது. இருபத்திரண்டு வருசமாகத் தவறாத குழு.

"அது என்னுடையது," என்று மட்டும் சொன்னாராம் மிஸ் ஓடெற்.

"நான் எடுக்கேல்லை," என்றாராம் மங்களேஸ்வரி அக்கா, தனக்குத் தெரிந்த இங்கிலீசில். "ஆனால் வந்திட்டுது."

மங்களேஸ்வரி அக்கா பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவர், அவருக்கு மூன்று காரணம் தேவைப்படவில்லை. அடுத்த வீட்டுச் சாமான் எங்கள் பாத்திரத்தில் கிடந்தால் திருப்பிக் கொடுக்கவேண்டும், பாத்திரத்தை வெறுமையாகக் கொண்டு போகக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய சட்டம். ஞாயிற்றுக்கிழமை பானை நிறையப் புட்டோடு இரண்டாம் மாடிக்கு இறங்கினார். மிஸ் ஓடெற் நீட்டிய தட்டில் புட்டைக் கவிழ்த்தார், புட்டு தட்டில் விழுந்தது, சுரம் மேளத்தில் விழுந்தது, மேளம் கண் விழித்தது. அதைக் கேட்டதும் மாடி மாடியாகச் சனம் இறங்கியது, கிண்ணத்தில் சீனி, தட்டத்தில் வெட்டிய மாம்பழம், உரலில் முறுக்கு, ஜெகசோதி அன்ரி சுரமில்லாத சட்டியில் பாயசத்தோடு கூட்டத்தில் சேர்ந்தார். தவராசா அண்ணை கோப்பையைப் பைக்குள் மறைத்துக் கொண்டு வந்து, லட்டோடு கவிழ்த்துவிட்டு, நல்ல கூட்டு முயற்சி என்று எல்லோருக்கும் கை கொடுத்தார். ஒருவர்கூட மண்டபத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. பலகாரம் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தோமோ என்னவோ. மிஸ் ஓடெற் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி சொன்னார், அதுதான் கேட்கக் கூசியது என்று மங்களேஸ்வரி அக்கா பிறகு சொன்னார்.

பின்னேரம் எல்லா மேளமும் நிறைந்துவிட்டன, மிஸ் ஓடெற்றுடைய தலை மேளத்தில் நடுவே ஒரு மேடு மட்டும் ஊமையாகக் கிடந்தது. பாட்டு அலைந்து திரிந்து வந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிற இடம் அது. அது இல்லாமல் அவர்கள் வாசித்தபோது, இருட்டில் படி இறங்கும்போது ஒரு படியைக் காணாமல் கால் விழுமே, கேட்ட எல்லோருக்கும் அப்படி இருந்தது. ஒவ்வொரு வீடாக விசாரித்தார்கள். என் கதவையும் தட்டினார்கள். நான் பிள்ளைக்குப் பாலைக் கொடுத்தபடி கதவை ஒரு சாண் திறந்து, எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை, மிஸ் ஓடெற், என்றேன். வீங்கிய காலோடு நின்றவர் பிள்ளையை எட்டிப் பார்த்தார். இந்தப் பிள்ளை அழுது நான் கேட்டதே இல்லை, சுகமாய் இருக்கிறாளா என்று கேட்டார். நல்ல பிள்ளை, அழுவதில்லை என்றேன்.

ஊர்வலத்துக்கு முந்திய வியாழக்கிழமை காலை ஈவாவின் சுரம் உடைந்தது. முதலில் ஓரம் கரகரத்தது, துரு ஏறியதுபோல. மத்தியானம் அது நூலாய் மெலிந்தது. நாலு மணிக்குப் பிள்ளை முகம் சிவக்க, கை கால் உதைக்க, வாயை ஆவென்று திறந்தாள், ஒன்றுமே வரவில்லை. பால் வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள். திறந்த வாய் மூடவில்லை, கண்ணால் தண்ணீர் ஓடியது, அறையில் சுவர் மணிக்கூட்டின் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்குள் பயங்கள் இடம் மாறின.

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த றெஜியிடம் முழுவதும் சொன்னேன். அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை. "சொன்னா அவங்கள் எங்களை என்னண்டு நினைப்பாங்கள்?" என்றார்.

"நாங்கள் என்னவோ அதைத்தான்," என்றேன்.

அவர் பிள்ளையின் திறந்த வாயைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை, போய்விட்டார். நான் மேசையில் உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினேன். அதில் ஒரேயொரு காரணம் இருந்தது. என்னைப் படிகளில் யாரும் பின்தொடரவில்லை, எனக்கு உதவி செய்தவரைப் பற்றி நான் பொய் எழுதினேன். கீழே என் முழுப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எழுதினேன், கையெழுத்து முதலாம் வகுப்புப் பிள்ளையுடையதுபோல இருந்தது. வெறுமையாகப் போகக்கூடாது என்பதால், கொண்டு போக வேறொன்றும் இல்லாததால், அதை எடுத்துக்கொண்டு பிள்ளையைத் தோளில் போட்டு இறங்கினேன். லிஃப்ட் எடுக்கவில்லை. ஒன்பதிலிருந்து இரண்டுக்குப் படியால் போனேன்.

மிஸ் ஓடெற்றின் கதவு பாதி திறந்து கிடந்தது. ஊர்வலக் காலத்தில் அந்தக் கதவு அப்படித்தான் கிடக்கும், கம்பியும் இறகும் துணியும் போகவர வேண்டும், மற்றக் காலத்தில் சும்மா சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் போட்டு யாரும் கண்டதில்லை. உள்ளே ஆறேழு பேர் இருந்தார்கள். ஆள் உயரச் செட்டை ஒன்றுக்கு அக்கீம் இறகு ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எல்லோருடைய பேச்சும் நின்றது, பாட்டு நின்றதுபோல நிற்கவில்லை, பொலிஸ் வந்ததுபோல நின்றது.

கடிதத்தை நீட்டினேன். மிஸ் ஓடெற் வாங்கவில்லை. "நான் கண்ணாடி போடவில்லை," என்றார். "நீயே வாசி."

வாசித்தேன். சிஸ்டர் பெனடிக்ரா பழக்கிய குரல் வரவில்லை, கடைக்காரி இரண்டு தரம் கேட்கிற குரல்தான் வந்தது. முடித்ததும் மிஸ் ஓடெற் சொன்னார், "எனக்கல்ல, மகளே. அவனுக்கு."

நான் அக்கீமின் பக்கம் திரும்பித் திரும்பவும் வாசித்தேன். இந்தத் தரம் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விரலில் ஒட்டியிருந்த பசையை உரித்துக்கொண்டே கேட்டார். கோபப்பட்டிருந்தால் நல்லது, அவர் எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிற முகத்தோடு இருந்தார்.

"ஐந்தாம் மாடியில் உங்களுக்கு மூச்சு வாங்கியது," என்றார். "நின்று போகலாம் என்று நான்தான் சொன்னேன். உங்கள் பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டேன். சொன்னீர்கள்."

"ஓம்," என்றேன், தமிழில்.

"என்னுடைய பெயரை நீங்கள் கேட்கவில்லை," என்றார். "படியில் ஒரு தாயைப் பின்தொடர்ந்தவன் என்று பொலிஸ் சொன்னபோது, அது நானாக இருக்காது என்று நினைத்தேன். அவர்கள் வேறு யாரையோ தேடுகிறார்கள் என்று."

மிஸ் ஓடெற் கை நீட்ட, நான் ஈவாவைக் கொடுத்தேன். அவர் பிள்ளையைத் தலை மேளத்துக்கு மேலே, குளிக்க வார்ப்பதுபோல, குப்புற ஒரு கையில் ஏந்திப் பிடித்தார். முதுகில் இரண்டு தரம் தட்டினார். பிள்ளையின் வாயிலிருந்து அந்தச் சுரம் முழுதாய், துரு நீங்கி விழுந்தது, மேளத்தின் நடுமேடு நடுங்கி எழுந்து அதை வாங்கிக்கொண்டது, உடனே, ஐந்து கிழமையாய்த் தேங்கியிருந்த அழுகை முழுவதும், சளியும் எச்சிலும் கோபமுமாய், தொண்டை கிழிய, சாதாரணப் பிள்ளை அழுகிற அழுகையாய் வெளியே வந்தது. நானும் அழுதேன், என்னை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் பிள்ளையைத்தான் பார்த்தார்கள்.

மிஸ் ஓடெற் அவளுடைய மூக்கைத் தன் சேலை போன்ற பெரிய துணியால் துடைத்து என்னிடம் தந்தார். "இந்தக் குரல் நல்ல குரல்," என்றார். "பொத்தாதே." பிறகு கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கு ஒஃபிசில் நானே கொடுப்பேன், நீ கொடுத்தாய் என்று கேள்விப்பட நான் காத்திருக்கமாட்டேன் என்றார். நான் சரி என்றேன். இன்னும் நின்றேன். என்ன எதிர்பார்த்து நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு தேத்தண்ணீர், ஒரு சிரிப்பு, பரவாயில்லை என்று ஒரு சொல்.

அக்கீம் எழுந்து வந்தார். செட்டையை உரசாமல் என்னைச் சுற்றி நடந்து, கதவை நான் போகிற அளவுக்கு அகலமாகத் திறந்து பிடித்தார், மரியாதையாகத்தான் பிடித்தார். "நாங்கள் பழகவேண்டும்," என்றார். "இரண்டு நாள்தான் இருக்கிறது."

நான் வெளியே வந்தேன். பிள்ளை நடைபாதை முழுவதும் கேட்க அழுதாள், நான் பொத்தவில்லை. எனக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது, பிறகு இருபத்திரண்டு வருசமாக யாரும் தொடாத தாழ்ப்பாள், துருவில் ஒரு தரம் சிக்கி, இரண்டாம் தரம் உள்ளேயிருந்து விழுந்தது.